ஊரடங்கு நாட்களில் வீட்டை நடத்தும் முறை

2020-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்குக் கொரோனாத் தொற்றின் காரணமாகத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்து, மறுநாளே தேசம் முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியபோது, தூத்துக்குடி மாவட்டத்து விளாத்திகுளத்தைச் சுற்றிய கரிசற்காட்டில் மிளகாய் வத்தல் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. களத்தில் காய்ந்த வத்தலை மண்டிக்கு ஏற்ற லாரி கிடைக்கவில்லை. வேம்பார், கீழவைப்பார்க் கரைகளில் வள்ளங்கள் மணலிலே கிடந்தன. எட்டயபுரத்துச் சனிக்கிழமை ஆட்டுச் சந்தை கூடவில்லை. கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீசுகளுக்கு ஆளேற்றும் வேன் வரவில்லை. திருப்பூரிலும் சென்னையிலும் வேலை பார்த்த பிள்ளைகள் கிடைத்த வண்டியைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் மாத்திரமே ஒன்றுகூடிப் பழகிய குடும்பங்கள், ஒரு பட்டாசாலையும் ஓர் அடுப்படியும் உள்ள வீட்டுக்குள் மாதக்கணக்கில் முகம் பார்த்து இருக்க நேர்ந்தபோது, நோய் நுழையாத வீடுகளிலும் சச்சரவு நுழைந்தது.

அவ்வீடுகளில் அன்பு குறைந்துபோயிற்று என்று சொல்லுதல் அநியாயம். குறைந்தது ஏற்பாடு. யார் எப்போது எங்கே இருப்பது, எவ்வளவு செலவழிப்பது, எதை எப்போது பேசுவது என்பவற்றை வீட்டிலுள்ளோர் கூடித் தீர்மானித்துக்கொள்ளாமல், பாசம் இருக்கிறது, அது பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டதே பெரும்பான்மையான மனஸ்தாபங்களுக்குக் காரணம். ஆகையால் இவ்வத்தியாயம் மனோதத்துவ விசாரத்தில் இறங்காமல், செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்லிப் போகும்.

முதல் மூன்று நாட்களில்

1. வீட்டிலுள்ள அனைவரையும், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உட்பட, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை கூட்டி உட்கார வையுங்கள். அரை மணி நேரம் போதும். முதியவரை முதலில் பேசவிடுங்கள்.

2. மருந்துக் கணக்கு எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், வலிப்பு, மனநோய் ஆகியவற்றுக்கு அன்றாடம் மாத்திரை உண்போருக்கு ஒரு மாதத்துக்குக் குறையாத இருப்பு வேண்டும். மனநோய் மாத்திரையைக் கடை மூடியிருக்கிறதென்று திடீரென நிறுத்துவது பேராபத்து.

3. இடத்தைப் பங்கிடுங்கள். அறை இல்லாத வீட்டிலும் மூலை இருக்கிறது. மூலை இல்லாவிட்டால் நேரம் இருக்கிறது. பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை பட்டாசாலை மருமகளுக்கு, மாலைத் திண்ணை மாமனாருக்கு என்று வகுத்துவிட்டால், அந்த நேரத்தில் அந்த இடத்தில் ஒருவரை இன்னொருவர் கேள்வி கேட்பதில்லை என்பது விதியாகட்டும்.

4. வேலையைப் பங்கிடுங்கள். ஊரிலிருந்து வந்திறங்கிய ஆண்மக்கள் விருந்தாளிகள் அல்லர். ஏழு பேருக்கு மூன்று வேளை சமைத்து, பாத்திரம் கழுவி, குழாயடியில் காத்திருந்து தண்ணீர் பிடிக்கும் பெண் இரவில் எரிந்து விழுந்தால், அதைக் குணக்கேடு என்று எண்ணாமல் உழைப்பின் கணக்கென்று எண்ணவேண்டும்.

5. செய்திக்கு நேரம் வையுங்கள். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, திருநெல்வேலி வானொலியோ தொலைக்காட்சியோ கேட்டால் போதுமானது. வாட்ஸப்பில் வரும் மரணக் காட்சிகளை வீட்டார் நடுவே ஓடவிடுதல் கூடாது.

6. ஒரு வாரத்துக்கு மேல் திட்டமிடாதீர்கள்.

இந்த ஆறாவது விதியைச் சற்று விளக்குவது அவசியம். தூத்துக்குடிக் கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை உண்டு. அந்த நாட்களை, வருமானம் முடங்கினாலும், வலை பின்னியும் படகு செப்பனிட்டும் மக்கள் கடந்துவிடுகிறார்கள். காரணம், கடைசி நாள் எது என்று அவர்களுக்குத் தெரியும். 2020-இன் ஊரடங்கோ ஏப்ரல் 14-இல் முடியுமென்று சொல்லி மே 3-க்கும், பின்பு 17-க்கும், பின்பு 31-க்கும் தள்ளிப்போயிற்று. ஒவ்வொரு முறையும் மனம் அந்தத் தேதியை நம்பி ஏங்கி, ஏமாந்து, முன்னிலும் தளர்ந்தது. அரசாங்கத்தின் தேதியை மனத்தில் வைக்காமல், ஞாயிறு முதல் ஞாயிறு வரை என்று நீங்களே ஒரு தவணை வைத்துக்கொண்டு, அந்த வாரத்துக்குரிய வேலையை மட்டும் எழுதி வையுங்கள். நிறம் வெளுத்த வத்தலைப் பொறுக்கி நீக்குதல், ஓட்டைச் சரிசெய்தல், பழைய பத்திரங்களை அடுக்குதல் என எதுவாயினும் சரி, முடிந்ததென்று கண்ணால் பார்க்கக்கூடிய வேலையாக இருக்கவேண்டும்.

நோயுற்றவரைத் தனியே வைக்கும்போது

பெரியம்மை இந்தியாவைவிட்டு 1975-இல் ஒழிந்துவிட்ட போதிலும், சின்னம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தாளிப்பை நிறுத்தி, அந்நியர் உள்ளே வராமல் காத்து, நாள் பார்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வழக்கம் நம் வட்டாரத்தில் இன்றும் உண்டு. வேப்பிலை வைரஸைத் தடுக்குமென்று சொல்ல வரவில்லை. அவ்வழக்கத்தில் கவனிக்கத்தக்கது வேறொன்று: நோயாளி விலக்கி வைக்கப்படுகிறார், ஆனால் இழிவுபடுத்தப்படுவதில்லை. 'ஆத்தா வந்திருக்கா' என்று ஊரார் மரியாதையோடு எட்டி நிற்கிறார்கள். தெருவே அவ்வீட்டுக்கு இளநீரும் நுங்கும் கொண்டுவந்து வாசலில் வைக்கிறது. 2020-இலோ பல ஊர்களில் நோயுற்றவர் வீட்டு வாசலில் தகரம் அடிக்கப்பட்டது, நோட்டீஸ் ஒட்டப்பட்டது, அதே தெரு ஜன்னலை மூடிக்கொண்டது. உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இல்லாமல் அத்தகைய நோட்டீஸ் ஒட்டலாகாது என்று அவ்வாண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லும்படி ஆயிற்று. நோய் குணமானபின்னும் கடைத்தெருவுக்குப் போகக் கூசி வீட்டிலேயே அடைந்து கிடந்தவர்கள் உண்டு. ஆகையால் உடம்பை எட்டி வைக்கும்போது மரியாதையை எட்டி வைக்கலாகாது.

1. காற்றோட்டமுள்ள ஒரு பக்கம், கூடுமானால் ஜன்னலோரம், நோயாளிக்கு ஒதுக்குங்கள். ஒரே அறையுள்ள வீடாயின் குறுக்கே கொடிகட்டிச் சேலை தொங்கவிட்டு மறைத்து, மற்றவர்கள் திண்ணையிலோ தாழ்வாரத்திலோ படுக்கலாம். சேலை கண்ணுக்குத்தான் மறைப்பு, காற்றுக்கு அன்று. ஜன்னலும் கதவும் திறந்தே இருக்கட்டும், இரு தரப்பாரும் முகக்கவசம் அணியட்டும்.

2. பராமரிப்புக்கு ஒருவரை மட்டும் நியமியுங்கள். அவர் அறுபது வயதைக் கடந்தவராகவோ கர்ப்பிணியாகவோ இருக்கலாகாது.

3. தட்டு, தம்ளர், துண்டு தனி. ஆனால் தட்டைக் காலால் தள்ளுவதோ கதவைத் திறந்ததும் ஓடுவதோ செய்யாதீர்கள். 'அய்யா, கஞ்சி வச்சிருக்கேன். குடிச்சுட்டு ஒரு சத்தம் குடுங்க, நான் இந்தத் திண்ணையிலதான் உக்காந்திருக்கேன்' என்று சொல்லிவிட்டு, சொன்னபடியே உட்காருங்கள். தனிமையில் கிடப்பவருக்கு, கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருக்கிறார் என்பது பாதி மருந்து.

4. வீட்டு விவகாரங்களில் அவரைக் கலந்துகொள்ளுங்கள். இன்றைக்கு என்ன குழம்பு, மாட்டுக்குத் தீவனம் இருக்கிறதா என்பன போன்ற சில்லறைக் கேள்விகளே 'நான் இன்னும் இவ்வீட்டுக்காரன்' என்ற நினைப்பை அவருக்குத் தருபவை.

5. ஆக்ஸிமீட்டரில் அளவு 94-க்குக் கீழே போனாலோ, மூச்சுத் திணறல், நெஞ்சடைப்பு, பிதற்றல் கண்டாலோ உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.

சாதாரணமாக நேரும் பிழை: நோயைத் தெருவாருக்கு மறைத்தல். மறைத்தால் உதவி வராது. வதந்தி மாத்திரம் வரும். நம்பிக்கையான ஓர் அண்டை வீட்டாருக்கு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

பணப் பேச்சு

ஊரடங்குக் காலத்துச் சண்டைகளுள் முக்காற்பங்கு, மேலே எந்த வேஷம் போட்டு வந்தாலும், அடியில் பணச் சண்டையே என்பது என் அபிப்பிராயம். கையிலுள்ள ரொக்கம், ரேஷன் அரிசி, விற்காத வத்தல், அடகிலுள்ள நகை, குழுக்கடன் தவணை ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கணவனும் மனைவியும் சேர்ந்து பாருங்கள். மறைத்து வைத்த கடன் ஒன்று இருந்தால் அதைச் சொல்லவேண்டிய நாள் அதுவே. ஒன்றரை மாதம் கழித்து வசூல்காரர் வாசலில் நின்று சொல்வதைவிட அது மேல். வாரத்துக்கு ஒருநாள், ஒரு குறிப்பிட்ட நேரம் மட்டும் பணம் பேசுவது. மற்ற நேரத்தில், குறிப்பாகப் படுக்கப் போகும்போது, அந்தப் பேச்சே எடுப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எச்சரிக்கை: 2020 மார்ச் 27-இல் ரிசர்வ் வங்கி தவணைகளைத் தள்ளிவைக்க அளித்த மூன்று மாத அவகாசம் பின்பு ஆகஸ்ட் வரை நீண்டது. ஆனால் அக்காலத்துக்கு வட்டி ஓடிக்கொண்டேயிருந்தது. தள்ளுபடி என்று எண்ணியவர்கள் பலர் பிறகு திகைத்தார்கள். இப்படி ஒரு சலுகை வரும்போது, வட்டி நிற்கிறதா என்பதையே முதலில் கேளுங்கள்.

குடி நின்ற வீடு

மதுக்கடைகள் அவ்வாண்டு மார்ச் 24 மாலை மூடப்பட்டு, மே 7-இல் திறந்து, இரண்டே நாளில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் மூடி, உச்ச நீதிமன்றம் அவ்வுத்தரவுக்குத் தடை விதித்தபின் மே 16-இல் மீண்டும் திறந்தன. இடைப்பட்ட வாரங்களில் சில வீடுகள் நெடுங்காலத்துக்குப் பின் நிம்மதியைக் கண்டன; சில வீடுகள் வேறொன்றைக் கண்டன. தினந்தோறும் அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் நாளிலேயே கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தோன்றும். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் வலிப்பும், இல்லாததைக் காண்பதும், ஆள் தெரியாத பிதற்றலும் வரக்கூடும். இது பேய் பிடித்ததன்று, நடிப்புமன்று. உயிரைப் போக்கக்கூடிய வைத்திய அவசரம்.

1. நடுக்கத்தோடு பிதற்றலோ வலிப்போ கண்டால் 108-ஐ அழைத்து விளாத்திகுளம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். மேல்சிகிச்சைக்குக் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ அனுப்பினால் மறுக்காதீர்கள்.

2. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கையில் சாவி கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை.

3. கஷாயம், கள்ளச்சாராயம், சவரத் திரவம், சானிடைசர் எதுவும் பதிலியாகாது. கள்ளச்சாராயமும் சவரத் திரவமும் சானிடைசரும் பலரைக் கொன்றிருக்கின்றன.

4. மற்றவருடைய தூக்க மாத்திரையைக் கொடுக்காதீர்கள்.

5. நடுக்கம் தணிந்தபின், நிறுத்திய நிலையிலேயே நீடிக்க விரும்புகிறாரா என்று அப்போது கேளுங்கள். பழைய கணக்கை அப்போது எடுக்காதீர்கள்.

கை ஓங்கும் வீட்டில்

மேலே சொன்ன கலந்து பேசும் முறைகளெல்லாம், இருவரும் அச்சமின்றிப் பேசக்கூடிய வீட்டுக்கே பொருந்தும். அடிக்கிற கணவனோடு, மகனோடு அல்லது மாமனாரோடு ஒரே வீட்டில் அடைபட்ட பெண்ணுக்குப் 'பொறுத்துப் போம்மா' என்று சொல்லும் பெரியவர்களின் புத்திமதியை நான் இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆதார் அட்டை, ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம், கொஞ்சம் பணம், மாற்றுத் துணி ஆகியவற்றை ஒரு பையில் போட்டு அண்டையிலுள்ள நம்பிக்கையான அக்காவிடமோ மதினியிடமோ கொடுத்து வையுங்கள். அவர்களுக்கு ஓர் அடையாளச் சொல் சொல்லி வையுங்கள்: 'காப்பித்தூள் இருக்கா மதினி?' என்று கேட்டால் உடனே ஆளோடு வரவேண்டுமென்பது போல. சண்டை மூளும் நேரத்தில் அடுப்படியில் நிற்காதீர்கள். கதவுக்கு அருகே இருங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைத்தால் எந்நேரமும் ஆள் பேசுவார். ஊரடங்கு என்பது உயிருக்கு அஞ்சி வெளியே ஓடுகிறவளைத் தடுக்கும் உத்தரவன்று. பிள்ளைகளுக்கு ஆபத்தென்றால் 1098.

பிள்ளைகளும் முதியவர்களும்

பள்ளி மூடிய காலம் நீண்டது: ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 செப்டம்பரில் மீண்டும் பள்ளி திரும்பினார்கள், சிறியவர்கள் நவம்பரில். வீட்டில் ஒரே கைபேசி இருந்தால், கல்வித் தொலைக்காட்சிக்குரிய நேரத்தை எழுதி ஒட்டிவிட்டு, மிச்ச நேரத்தில் எழுத்தும் கணக்கும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து நடத்தட்டும். பெண்பிள்ளை சும்மா இருக்கிறாளே, செலவும் குறைவுதானே என்று பதினெட்டு ஆகுமுன் கலியாணம் பேசாதீர்கள். அது சட்டப்படி குற்றம் என்பதோடு, அவளுடைய படிப்புக்கு மீளாத முற்றுப்புள்ளி.

முதியவர்களுக்கு 'வெளியே போகாதே' என்று பத்துமுறை சொல்வதைவிட, மந்தைக்கும் கோயிலுக்கும் பதிலாக எங்கே உட்காரலாம் என்பதைச் சொல்லுங்கள். தனித்திருக்கும் முதியவருக்குத் தினம் ஒரே நேரத்தில் தொலைபேசுங்கள். அவர்களுக்கென 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது.

சோர்வா, நோயா என்று அறிவது

கவலை, எரிச்சல், ஓரிரு இரவு தூக்கமின்மை ஆகியவை இத்தகைய காலத்தில் சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, பேசாமல் ஒதுங்கி, வழக்கமான வேலையையும் கைவிட்டு, 'நான் உங்களுக்குப் பாரம்' என்ற பேச்சு வந்தால் காத்திருக்கலாகாது.

1. தனியே அழைத்து, பதறாமல், நேராகக் கேளுங்கள்: 'அண்ணே, செத்துப்போயிரலாம்னு மனசுல ஏதும் தோணுதா?' கேட்பதனால் இல்லாத எண்ணம் புகுந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. கேட்டது பெரும்பாலும் ஆறுதலாகவே முடிகிறது.

2. பதில் ஆம் என்றால், 'கிறுக்குத்தனமா பேசாத' என்று வாயை அடைக்காதீர்கள். கேளுங்கள், தனியே விடாதீர்கள்.

3. மிளகாய்க்கும் பருத்திக்கும் அடிக்கும் பூச்சிமருந்தும் எலிமருந்தும் நம் வீடுகளில் கட்டிலடியிலும் பரணிலும் கிடக்கின்றன. அவற்றை அன்றே எடுத்து வேறொரு வீட்டில் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் இருக்கட்டும். இவ்வத்தியாயத்தில் ஒரே ஒரு காரியம் செய்ய மனமிருந்தால் இதைச் செய்யுங்கள்; சாகத் துடிக்கும் அந்த வேகம் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தணிந்துவிடுவது, அப்போது கைக்கெட்டும் தூரத்தில் விஷம் இல்லாதிருப்பதே உயிரைக் காப்பது.

4. 14416 என்ற டெலி மானஸ் எண்ணை அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இச்சேவையில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் ஆலோசனை உண்டு.

5. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு ஒருவர் கூடவே போகவேண்டும். பூசாரியிடமோ சாமியாடியிடமோ முதலில் போக வீட்டார் விரும்பினால், அதற்காகச் சண்டையிட்டு நாளைக் கடத்தாதீர்கள். அதையும் செய்து, வைத்தியரிடமும் போங்கள்.

துட்டி

2020-இலும், 2021 மே மாதத்து இரண்டாம் அலையிலும் இறந்தோர் பலருடைய முகம் வீட்டாருக்குக் கிடைக்கவில்லை. உறையிட்ட உடல் மருத்துவமனையிலிருந்து நேரே மயானத்துக்குப் போயிற்று; நீர்மாலை எடுக்க ஆளில்லை; கட்டிப்பிடித்து அழ மதினிமார் வரவில்லை. நம் சமுதாயத்தில் துக்கம் என்பது தனியொருவர் நெஞ்சுக்குள் நடக்கும் காரியமன்று. அழுவதற்கு ஆளும், அழுகைக்கு ஒரு முறையும், அது முடிவதற்கு ஒரு நாளும் வகுத்து வைத்திருக்கிறார்கள். அவையெல்லாம் தடைப்பட்டபோது அழாத துக்கம் வருஷக்கணக்கில் உள்ளே தங்கிவிட்டது. எனவே சடங்கைச் சுருக்கலாம், விட்டுவிடலாகாது.

1. செய்தியைச் சொல்ல ஒருவரை நியமியுங்கள். விதவையான பெண்ணையோ பிள்ளையையோ நூறு பேருக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள்.

2. மருத்துவமனை அனுமதித்தால் முகத்தை ஒருமுறை காணொளியிலேனும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகளிடம் 'ஊருக்குப் போயிருக்காக' என்று பொய் சொல்லாதீர்கள்.

3. துட்டி கேட்கத் தொலைபேசுகிறவர்கள், எப்படித் தொற்றிற்று, எந்த ஆஸ்பத்திரி என்று விசாரணை நடத்தாமல், போனவரைப் பற்றி ஒரு நல்ல நினைவைச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் அழுதால் அழவிடுங்கள், போனை வைத்துவிடாதீர்கள்.

4. பதினாறாம் நாளை வீட்டளவில் விளக்கேற்றியாவது செய்யுங்கள். கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பங்கள் முப்பதாம் நாள் பூசையை ஆலயம் திறந்தபின் ஒப்புக்கொடுக்கலாம்.

5. தடை நீங்கியதும், எத்தனை மாதம் கடந்திருந்தாலும், உறவினர் நேரில் போய்த் துட்டி கேளுங்கள். தாமதமாகிவிட்டதே, இப்போது போய் ஆறிய புண்ணைக் கிளறுவானேன் என்ற தயக்கம் வேண்டாம். பெரும்பாலும் அது ஆறியிருப்பதில்லை.

தடை தளர்ந்தபின்

முதல் சில வாரங்களில் வெளியே போகப் பயம், கூட்டத்தில் படபடப்பு, நோயிலிருந்து எழுந்தவருக்கு நெடுநாள் அசதி ஆகியவை வரும். முதல் நாள் தெருமுனை, மறுநாள் கடைத்தெரு, பின்பு பஸ் ஏறிக் கோவில்பட்டி என்று படிப்படியாகப் பழகுங்கள். ஊரடங்கில் வாய்தவறிப் பேசியவற்றைக் குறித்து உடனே பஞ்சாயத்து வைக்காமல், ஒரு மாதம் கழிய விடுங்கள். மனநல வைத்தியர் மாத்திரை எழுதியிருந்தால், தெளிவு வந்துவிட்டதென்று நீங்களாக நிறுத்தாமல், சீட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு, சொன்ன தேதிக்குத் திரும்பப் போய்க் காட்டுங்கள்.